பதுங்கிய புலி தூங்கிப்போன கதை

போக்கர் மேசை. என் கையில் இரண்டு எட்டு, அதாவது எட்டு ஜோடி. எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விழுந்த முதல் மூன்று சீட்டு, ‘ஃப்ளாப்’ என்பார்கள், ஜாக்கி, எட்டு, நாலு. ஜாக்கியும் எட்டும் ஆர்ட்டின், நாலு மட்டும் கிளாவர். எனக்கு மூன்று எட்டு சேர்ந்துவிட்டது. கையில் ஜோடியோடு ஃப்ளாப் பார்த்தால், ஏறக்குறைய எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான் இப்படி ‘செட்’ அமையும். அமைந்த அந்த ஒரு தடவை நான் என்ன செய்தேன் என்றால், இரண்டு விரலால் மேசையைத் தட்டி ‘செக்’ என்றேன், அதாவது சிப் எதுவும் போடாமல் முறையைக் கடத்தினேன். முகத்தையும் கொஞ்சம் சோர்வாக வைத்துக்கொண்டேன்.

நடந்தது 2022-ல், கலிஃபோர்னியாவில் எங்கள் வீட்டுக்கு இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் ஒரு சீட்டாட்டக் கூடத்தில். சனிக்கிழமை காலை நோ-லிமிட் ஹோல்டெம் டோர்னமென்ட்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு பொதுவில், எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பிளைண்ட், அதாவது சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது, 500/1,000. அதில் பெரியதைப் போடும் பிக் பிளைண்ட் மேசைக்காகக் கட்டும் ஆன்ட்டி 1,000. என்னிடம் 42,000 சிப். பட்டனுக்கு முந்தைய இடமான கட்-ஆஃபில் உட்கார்ந்து 2,500 என்று ஏற்றி ரெய்ஸ் செய்திருந்தேன். ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முறை வரும் பட்டனில் இருந்தவர் கால், அதாவது அதே தொகையைக் கட்டினார். பிக் பிளைண்டில் இருந்த, எழுபது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாவும் கால். நடுவில் 9,000.

அந்த அம்மா செக், நான் செக், பட்டன்காரரும் செக். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, டைமண்ட் ஒன்பது. அவர் 5,000 போட்டார். ‘வலையில் விழுந்துவிட்டார்’ என்று உள்ளே ஒரு குதி குதித்து 14,000 என்று ரெய்ஸ் செய்தேன். பட்டன்காரர் ஒதுங்கினார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ‘ஆல்-இன்’, இருக்கும் சிப் எல்லாம் உள்ளே, என்றார். யோசிக்காமல் கால் செய்தேன். அவர் திருப்பிப் போட்டது ராணி, 10. ராணியிலிருந்து எட்டு வரை ஐந்தும் வரிசை, ஸ்ட்ரெய்ட், மூன்று எட்டைவிடப் பெரிய கை. எனக்கு மேசையில் ஏதாவது ஒரு சீட்டு இரட்டிக்க வேண்டும். மீதி 44 சீட்டில் 10 சீட்டு எனக்கு உதவும். ரிவரில், அதாவது ஐந்தாவது, கடைசிச் சீட்டாக, வந்தது ரெண்டு.

எழுந்து பையை எடுத்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: “கண்ணு, நீ ஒரு நாலாயிரம் போட்டிருந்தாக்கூட நான் சீட்டைக் கவிழ்த்திருப்பேன்.” கிண்டல் எல்லாம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

கணக்கும் அவர் பக்கம்தான். ஃப்ளாப்பில் அவருக்கு இருந்தது நான்கே நான்கு ஒன்பதுகள். அடுத்த சீட்டிலேயே ஒன்பது விழ வாய்ப்பு 100-க்கு எட்டரை. நான் 4,000 போட்டிருந்தால், 13,000-ஐப் பிடிக்க அவர் 4,000 கட்ட வேண்டும். அந்த விலைக்கு அவருக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும். இருந்ததோ பன்னிரண்டில் ஒன்று. ஒதுங்கியிருப்பார். நான் அவருக்கு அந்தச் சீட்டை இலவசமாகக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நான்தான் அவரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

பலமான கையை வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லாதவன்போல நடிப்பதற்கு ‘ஸ்லோ பிளே’ என்று பெயர். நம்மில் பலருக்கு இதில் ஒரு தனி ஆசை உண்டு. ஊரில் இருபத்தெட்டு ஆடும்போது துருப்பைக் கவிழ்த்து மறைத்து வைப்போமே, அந்த சுகம். ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்பார்கள். என் புலி பதுங்கிய இடத்திலேயே தூங்கிவிடும். விழித்துப் பார்த்தால் மான் கூட்டம் ஆற்றைக் கடந்து போயிருக்கும், அல்லது மானுக்குக் கொம்பு முளைத்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில், பெரிய கை வந்து நான் மெதுவாக ஆடிய ஆட்டங்களை மட்டும் எழுத ஆரம்பித்தேன். கை, மேசை, யார் எவ்வளவு சிப் வைத்திருந்தார், எனக்கு என்ன கிடைத்தது. சில மாதங்களில் ஒன்று தெரிந்தது. பாட்டியம்மாவிடம் தோற்றதுபோலப் பெரிய விபத்துகள் குறைவுதான். அதிகம் இருந்தது வேறு மாதிரியான நஷ்டம்: ஜெயித்தேன், ஆனால் நடுவில் ஒன்றுமே இல்லை. தோற்றால் வலிக்கும், நினைவில் நிற்கும். குறைவாக ஜெயித்தால் வலிக்காது. அதனால்தான் இந்தப் பழக்கம் சுலபத்தில் போவதில்லை.

அதில் மோசமானது ஒன்று. என் கையில் ஐந்து ஜோடி, ஃப்ளாப்பில் ஐந்து, ஐந்து, ராஜா. நான்கு ஐந்து! ஜோடி கிடைத்து ஃப்ளாப் பார்ப்பவருக்கு 400 தடவைக்கு ஒரு தடவை வரும் கை இது. இனி என்ன சீட்டு வந்தாலும் எனக்குப் பயமில்லை. ஃப்ளாப்பில் செக் செய்தேன். எதிராளி கொஞ்சமாகப் போட்டார், கால் செய்தேன். டர்னில் நான் செக், அவரும் செக். ரிவரில் ‘இப்போது கட்டாயம் போடுவார்’ என்று மறுபடி செக். அவரும் செக் செய்து ராஜா, ராணியைக் காட்டினார். நான் என் சீட்டைத் திருப்பியதும் மேசையே சிரித்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டு, “நீங்கள் போட்டிருந்தால் கட்டியிருப்பேன்” என்றார்.

அங்கே முதல் செக் தப்பில்லை. கடைசி செக்தான் தப்பு. நடுத்தரமான கை வைத்திருப்பவர் தானாகப் போடமாட்டார், ஆனால் கேட்டால் கொடுப்பார். வலை விரித்தவர்தான் வலையை இழுக்க வேண்டும், மீனே கரைக்குத் துள்ளி வந்து விழும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. ஃப்ளாப்பில் மெதுவாக ஆடினாலும் ரிவரில் நானே போட்டுவிடுவது என்று அன்று முடிவு செய்தேன். எதிரில் இருப்பவர் கண்மூடித்தனமாக ஆடுபவராக இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இனி கணக்கு. எனக்கு இந்த விஷயத்தைத் திறந்து காட்டியதே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லாவற்றையும் பிக் பிளைண்ட் கணக்கில் வைத்துக்கொள்வோம். நடுவில் 6. என்னிடமும் எதிராளியிடமும் தலா 40 மீதி. ஃப்ளாப்பில் 4 போடுகிறேன், அவர் கட்டுகிறார்: நடுவில் 14, கையில் 36. டர்னில் 10: நடுவில் 34, கையில் 26. ரிவரில் அந்த 26-ஐயும் தள்ளுகிறேன். 34 இருக்கும் இடத்தில் 26 போடுவது யாரையும் மிரட்டாது. மூன்று படியில் 40-ம் உள்ளே வந்துவிட்டது.

இப்போது ஃப்ளாப்பில் செக் செய்கிறேன். டர்னில் 4, ரிவரில் 10. அவரிடமிருந்து எனக்கு வந்தது 14. மீதி 26 அவரிடமே பத்திரமாக இருக்கிறது. அந்த ஒரே செக், ஃப்ளாப்பில் விட்ட 4-ஐ மட்டும் அல்ல, மொத்தம் 26-ஐ எடுத்துக்கொண்டு போகிறது. வட்டிக்கு வட்டி மாதிரி. ஈடுகட்ட டர்னிலும் ரிவரிலும் நடுவில் இருப்பதைவிட அதிகமாகப் போடலாம்தான். ஆனால் சும்மா இருந்தவர் திடீரென்று அப்படிப் போட்டால், குழந்தைகூடச் சந்தேகப்படும்.

ஆனால் கையில் 12 மட்டும் இருந்தால்? நடுவில் அதே 6. ஃப்ளாப்பை விட்டுவிட்டு டர்னில் 3 போட்டால் நடுவில் 12, கையில் 9. ரிவரில் 9-ஐத் தள்ளலாம். இரண்டு படியே போதும். ஒரு படியை விட்டுக்கொடுத்தும் ஒன்றும் குறையவில்லை. மெதுவாக ஆட எனக்கு இடம் இருக்கிறதா என்பதைச் சீட்டு முடிவு செய்வதில்லை. நடுவில் எவ்வளவு, கையில் எவ்வளவு, இன்னும் எத்தனை படி என்பதுதான் முடிவு செய்கிறது. டோர்னமென்டின் ஆரம்பத்தில் எல்லாரிடமும் 100, 150 பிளைண்ட் இருக்கும்போது பதுங்குவது ஏன் வீண் என்பதும், கடைசிக் கட்டத்தில் அதே ஆட்டம் ஏன் பலிக்கிறது என்பதும் இதனால்தான்.

அடுத்தது மேசை. ஜாக்கி, எட்டு, நாலு என்று இரண்டு ஆர்ட்டினோடு கிடக்கும் மேசையில் டிரா, அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் பெரிதாகும் கை, வைத்திருப்பவர்கள் அதிகம். ஒரே சாதியில் ஐந்து சேர ஒன்று மட்டும் குறையும் ஃப்ளஷ் டிராவுக்கு ஒரு சீட்டில் அமைய ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்பு, இரண்டு சீட்டில் 35. அவர்கள் நீங்கள் கேட்டால் பணம் கட்டத் தயாராக உட்கார்ந்திருப்பவர்கள். ரிவரில் டிரா அமையாவிட்டால் ஒரு பைசா தரமாட்டார்கள். அவர்களிடம் வசூலிக்க வேண்டிய நேரம் ஃப்ளாப்பும் டர்னும்தான்.

ராஜா, ஏழு, ரெண்டு என்று மூன்று வேறு சாதிச் சீட்டு கிடந்தால் கதை வேறு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்குப் புரிய ரொம்ப நாளானது. என் கையில் ராஜா ஜோடி இருந்தால் மூன்று ராஜா என்னிடம். எதிராளிக்கு இருக்கக்கூடியது ஒரே ஒரு ராஜா. எனக்குப் பணம் தரக்கூடிய கையையே நான் பிடித்து வைத்திருக்கிறேன். இப்போது போட்டால் எல்லாரும் ஓடுவார்கள். செக் செய்து, அவருக்கு டர்னில் ஒரு ஜோடியாவது சேரட்டும் என்று விடுவதில் அர்த்தம் இருக்கிறது. என் கையில் ஏழு ஜோடி இருந்தால், இன்னும் மூன்று ராஜா வெளியே. ராஜா வைத்திருப்பவர் மூன்று படியும் கட்டுவார். அப்போது முதலிலிருந்தே போட வேண்டும். மிகப் பலமான செட்டை மெதுவாக, அதைவிடச் சின்ன செட்டை வேகமாக. நம் உள்ளுணர்வும் பாதி ஒத்துக்கொள்ளும், ஆனால் காரணம் பயம் அல்ல. மற்றவர் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான்.

ஏஸ் ஜோடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 221 தடவைக்கு ஒரு தடவை வருகிறது. வந்ததும் ரெய்ஸ் செய்து எல்லாரும் ஒதுங்கிப்போனால் அழுகை வரும். அதனால் சிலர் சும்மா கால் செய்து எல்லாரையும் உள்ளே விடுகிறார்கள். ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவரை எதிர்த்து ஏஸ் ஜோடி 85 சதவீதம் ஜெயிக்கும். இருவர் என்றால் 73. மூவர் என்றால் 64. நால்வர் என்றால் 56. ஐந்து பேரை உள்ளே விட்டால் பாதிக்கும் கீழே. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்துவிட்டு நகையைத் தேடுவதுபோல. இன்னொன்று, கையில் 10 பிளைண்ட் மட்டுமே இருக்கும்போது, நடுவில் கிடக்கும் இரண்டரை பிளைண்டைச் சண்டையில்லாமல் எடுத்தாலே சிப் கால் பங்கு கூடுகிறது. அழ ஒன்றும் இல்லை.

ஆனாலும் ஏஸ் ஜோடியை வாயை மூடிக்கொண்டு ஆடிய ஒரு ஆட்டம்தான் எனக்குப் பிடித்தது.

2023 ஜூன், லாஸ் வேகஸ். உலக போக்கர் தொடர் நடக்கும் சீசன். வெளியே நடந்தால் செருப்பு உருகும் வெயில், உள்ளே ஸ்வெட்டர் கேட்கும் ஏசி. நான் ஆடியது பெரிய தொடரில் அல்ல, அதன் நிழலில் நடக்கும் 400 டாலர் டோர்னமென்ட் ஒன்று. பிளைண்ட் 2,000/4,000, ஆன்ட்டி 4,000. என்னிடம் 70,000, அதாவது பதினேழரை பிளைண்ட். எனக்கு வலப்பக்கம் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு பையன், மலை மாதிரி சிப். என் பிக் பிளைண்ட் வரும்போதெல்லாம் பட்டனில் அவன் இருந்தால் ரெய்ஸ். நான் ஒதுங்குவேன். திரும்ப ரெய்ஸ், திரும்ப ஒதுங்குவேன். என்னை அவன் ஏடிஎம் மாதிரி பயன்படுத்திக்கொண்டிருந்தான்.

நான்காவது தடவை அவன் 8,000 என்றபோது என் கையில் இரண்டு ஏஸ். பதிலுக்கு நான் ரெய்ஸ் செய்தால், இரண்டு மணி நேரமாக மூச்சுவிடாத கிழவன் எழுந்துவிட்டான் என்று அவனுக்குப் புரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கால் செய்தேன். ஸ்மால் பிளைண்டில் இருந்தவர் முன்பே ஒதுங்கியாயிற்று. நடுவில் 22,000, என்னிடம் 58,000. ஃப்ளாப்பில் ராணி, ஆறு, ரெண்டு, மூன்றும் வேறு வேறு சாதி. செக். அவன் 7,000. கொஞ்சம் யோசித்துக் கால். யோசித்தது நடிப்பு இல்லை, கை நடுங்காமல் சிப்பை எடுக்கத்தான் நேரம் ஆனது. டர்னில் ஒன்பது. செக். அவன் 20,000. கால். ரிவரில் மூன்று. செக். என்னிடம் மிச்சம் இருந்த 31,000-க்கும் சேர்த்து ஆல்-இன் என்றான். கட்டினேன். அவனிடம் இருந்தது ஜாக்கி, ஐந்து. அவனுக்கு எதுவும் சேரவில்லை.

ரிவரில் நானே போடுவேன் என்று சொன்னேனே, இங்கே ஏன் செக் செய்தேன்? மேலே சொன்ன விதிவிலக்கு இவன்தான். கையில் ஒன்றும் இல்லாதவன் நான் போட்டால் ஓடிவிடுவான். அவனிடமிருந்து சிப் வர ஒரே வழி அவனே போடுவது. 138,000-ஐ அடுக்கிக்கொண்டிருந்தபோது யோசித்தேன். அன்று வேலை செய்தது என் ஏஸ் அல்ல. ராணி ஜோடி வைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே ஆட்டம்தான். அவன் மட்டும் இல்லாமல், எதிரில் அந்தப் பாட்டியம்மா மாதிரி நிதானமானவர் ரெய்ஸ் செய்திருந்தால், இதே ஏஸை நான் இப்படி ஆடியிருக்கக் கூடாது. முதலிலேயே பதிலுக்கு ரெய்ஸ் செய்திருக்க வேண்டும். அவர் நல்ல கையோடுதான் வருவார், கட்டவும் செய்வார்.

டோர்னமென்ட் என்பதால் வரும் ஒரு கூடுதல் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண கேஷ் கேமில் 100 டாலர் சிப் 100 டாலர்தான். டோர்னமென்டில் அப்படி இல்லை. அந்த 2023-ல் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 10,043 பேர் சேர்ந்தார்கள். மொத்தப் பரிசு 9.3 கோடி டாலருக்கு மேல். கடைசியில் அத்தனை பேர் சிப்பையும் சேர்த்தவருக்குக் கிடைத்தது 1.21 கோடி. சிப் இரண்டு மடங்கானால் பணமதிப்பு இரண்டு மடங்காவதில்லை, ஆனால் சிப் போனால் எல்லாமே போகிறது. அதனால் இலவசச் சீட்டு கொடுத்து வெளியேறுவது இங்கே இரட்டைத் தண்டனை.

பரிசு வரிசை தொடங்குவதற்குச் சற்று முன்னால், பபிள் என்கிறோமே, அந்த நேரத்தில் நடுத்தர சிப் வைத்திருப்பவர் யாரும் வீம்புக்குப் போடமாட்டார். அவர்களுக்கு வலை விரித்து உட்கார்ந்தால் வெறும் தண்ணீர்தான் வரும். அந்த நேரத்தில் மேசையை மிரட்டுபவர் ஒருவர், அதிகம் போனால் இருவர் இருப்பார்கள், மலைபோல் சிப் வைத்துக்கொண்டு. பதுங்கினால் அவர்களிடம் மட்டும்.

ஸ்லோ பிளே பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் 1988-ஐ இழுத்துவருவார். உலகத் தொடரின் முதன்மைப் போட்டி, 167 பேரில் மிஞ்சியது ஜானி சானும் எரிக் சைடலும். கடைசிக் கையில் ஃப்ளாப் ராணி, 10, எட்டு. சானிடம் ஜாக்கி, ஒன்பது. ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட். சைடலிடம் ராணி, ஏழு. சான் தன் பலத்தைக் காட்டிக்கொள்ளவே இல்லை. கடைசியில் சைடலே எல்லாவற்றையும் தள்ளினார். சானுக்குத் தொடர்ந்து இரண்டாவது பட்டம், 7 லட்சம் டாலர். ஒரு ஹாலிவுட் படத்திலும் அந்தக் காட்சி வந்து, ஒரு தலைமுறையையே பதுங்க வைத்தது. என்னையும்தான்.

இப்போது அதைப் பார்த்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. எதிரில் ஒரே ஒருவர். அவருக்கு ராணி ஜோடி, அதாவது போடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சானின் கையைவிடப் பெரிய கை அந்த ஃப்ளாப்பில் கிடையாது. நான் சனிக்கிழமை காலையில் மூன்று பேர் இருக்கும் ஃப்ளாப்பில், இரண்டு ஆர்ட்டினைப் பார்த்துக்கொண்டே மூன்று எட்டை மறைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சான் எத்தனை தடவை பதுங்கித் தோற்றார் என்பதை யாரும் படம் எடுக்கவில்லை. சைடலைப் பற்றியும் பாவம் என்று நினைக்க வேண்டாம். உலகத் தொடரில் ஒரு போட்டியை ஜெயித்தால் தரும் பிரேஸ்லெட், இருவர் கையிலும் இன்று தலா 10.

ஒரு வார்த்தை, இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நான் சொல்வதெல்லாம் இங்கே, அனுமதி பெற்ற கூடங்களில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடியது. வருடத்துக்கு இவ்வளவு என்று என் மனைவியிடம் சொல்லி ஒதுக்கி வைத்த பணம். அது தீர்ந்தால் அந்த வருடம் ஆட்டம் தீர்ந்தது. 2022-ல் செப்டம்பரிலேயே தீர்ந்தது.

போன மாதம் அதே கூடத்தில் அந்த அம்மா என் எதிரில். பிளைண்ட் 1,000/2,000, இருவரிடமும் ஏறக்குறைய 15 பிளைண்ட். நான் பட்டனில், ராஜா ஜோடி. 4,000 என்று ரெய்ஸ். அவர் பிக் பிளைண்டில் இருந்து கால். ராஜா, ஏழு, மூன்று, சாதி மூன்றும் வேறு. அவர் செக். மனதுக்குள் கணக்குப் போட்டேன்: இரண்டு படி போதும், மேசையில் பயம் இல்லை, மிச்சம் ஒரே ராஜா. செக் செய்தேன். டர்னில் ஒன்பது. அவர் மறுபடி செக். 5,000 போட்டேன். அவர் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டார்.

“என்ன வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். சொல்லவில்லை. அன்று இரவு நோட்டில் அந்தக் கையை எழுதினேன். கடைசிக் கட்டத்தில், சரியா தப்பா என்று எழுதும் இடத்தை, இன்னும் காலியாகவே விட்டிருக்கிறேன்.